ஆய்வுக்கூடத்திலிருந்து அரசியலுக்கு: வங்காரி மாத்தாய் போன வழி

கால்நடை மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் படித்தவர்களில் யாராவது ஒருவர் அவ்வப்போது வீட்டுக்கு வந்து கேட்பதுண்டு. "மேடம், கட்டுரை எழுதி எழுதி என்ன கண்டோம்? ஏரி போய்க்கொண்டேதான் இருக்கிறது. அரசியலில் இறங்கினால்தான் ஏதாவது நடக்கும் போலிருக்கிறது. எப்படி இறங்குவது?" கேட்கும்போதே சிலர் கண்ணில் ஒரு சட்டமன்றத் தொகுதி தெரியும்.

நான் எந்தக் கட்சிக்கும் வழி சொல்வதில்லை. கென்யாவின் வங்காரி மாத்தாய் எந்த வரிசையில் எதைச் செய்தார் என்று சொல்லி அனுப்புவேன். 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியவர் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அவர் நைரோபி பல்கலைக்கழகத்தில் கால்நடை உடற்கூறியல் துறைத் தலைவராக இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. என் துறைக்காரர் என்பதால் எனக்குக் கொஞ்சம் உரிமை கொண்டாட இடமுண்டு.

அவசரக்காரர்களுக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மாத்தாய் நாடாளுமன்ற உறுப்பினரானபோது அவருக்கு வயது 62. மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய பெரிய வெற்றிகள் இரண்டும் அரசுப் பதவி ஒன்றும் கையில் இல்லாத காலத்தில் கிடைத்தவை. ஐந்து ஆண்டுக்குள் அமைச்சராக வேண்டும் என்பவருக்கு இந்தக் கட்டுரை பயன்படாது.

முதலில் சொந்தத் துறையில் கால் ஊன்றுங்கள்

மாத்தாய் 1940இல் மத்திய கென்யாவில், நியேரி வட்டாரத்தின் இஹிதே என்ற ஊரில் பிறந்தார். 1960இல் கென்ய மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பிய திட்டத்தில் இடம் கிடைத்தது. கான்சாஸ் மாநிலத்தில் உயிரியல் பட்டமும், 1966இல் பிட்ஸ்பர்க்கில் முதுகலைப் பட்டமும் பெற்றார். நைரோபியில் விலங்கியல் பேராசிரியர் ஒருவரிடம் ஆராய்ச்சி உதவியாளர் வேலை உறுதியாகியிருந்தது. நம்பி ஊர் திரும்பிப் போய் நின்றால், அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். பெண் என்பதாலும் தன் இனக்குழு காரணமாகவும்தான் அப்படி நடந்தது என்று அவர் நம்பினார். பிறகு ஜெர்மனியின் கீஸன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் ரைன்ஹோல்ட் ஹோஃப்மன், புதிதாகத் தொடங்கியிருந்த கால்நடை உடற்கூறியல் துறையில் அவரைச் சேர்த்துக்கொண்டார். மாட்டினத்தில் இனப்பெருக்கச் சுரப்பிகள் எப்படி உருவாகி வேறுபடுகின்றன என்பதுதான் ஆய்வு. 1971இல் முனைவர் பட்டம் பெற்றார். கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். 1976இல் துறைத் தலைவர், 1977இல் இணைப் பேராசிரியர்.

இந்த நுண் உடற்கூறியல் வேலை எப்படிப்பட்டது என்று வெளியாட்களுக்குத் தெரியாது. திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் ஐந்து மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு) அளவுக்குச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பார்க்க வேண்டும். சீவல் சுருண்டாலோ கிழிந்தாலோ மறுபடி வெட்டு. பொதுக்கூட்டத்தில் இதற்குக் கைதட்டல் கிடைக்காது. ஆனால் இதில் சில ஆண்டுகள் இருந்தவருக்கு இரண்டு பழக்கங்கள் ஒட்டிக்கொள்ளும்: பார்த்ததை மட்டும் எழுதுவது, எழுதியதற்குத் தேதி போட்டு வைப்பது. அரசை எதிர்த்து நிற்கப் போகிறவருக்கு வேறு ஆயுதம் அதிகம் கிடையாது. ஆகவே முனைவர் பட்டத்தைப் பாதியில் போட்டுவிட்டு அரசியலுக்கு ஓடுகிறேன் என்பவரை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அரசியலை உங்கள் நிறுவனத்துக்குள்ளேயே பழகிக்கொள்ளலாம். பெண் ஆசிரியர்களுக்கு ஆண்களுக்கு இணையான சலுகைகள் வேண்டும் என்று மாத்தாய் பல்கலைக்கழகத்தில் போராடினார். ஆசிரியர் சங்கத்தைத் தொழிற்சங்கமாக மாற்றும் முயற்சியை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் கேட்ட சலுகைகளில் பல பின்னால் வந்து சேர்ந்தன. சங்கக் கூட்டத்தில் பத்துப் பேரை ஒரு தீர்மானத்துக்கு ஒத்துக்கொள்ள வைக்க முடியாதவர், ஒரு தொகுதியை எப்படி ஒத்துக்கொள்ள வைப்பார்?

உண்ணி பொறுக்கும்போது மாட்டையும் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் ‘கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல்’ என்று ஒரு மாட்டு நோய் உண்டு. தைலேரியா பார்வா என்ற ஒட்டுண்ணியால் வருவது. பழுப்புக் காது உண்ணி பரப்புவது. வெளிநாட்டு இன மாடுகளையும் கலப்பினங்களையும் அதிகம் தாக்கும். நம் ஊரில் அதே பேரினத்தைச் சேர்ந்த தைலேரியா அன்னுலேட்டா இருக்கிறது, ஹயலோமா உண்ணி வழியாகப் பரவும். கலப்பின மாடு வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காய்ச்சலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

மாத்தாய் அந்த நோய் பற்றிய ஆராய்ச்சிக்காக நைரோபிக்கு வெளியே மாடுகளின் காதிலிருந்து உண்ணி சேகரிக்கப் போனார். மடலின் உட்புறத்தில் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணியை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பியில் போட வேண்டும். எங்களில் பலர் குப்பி நிறைந்ததும் ஜீப்பில் ஏறிவிடுவோம். அவர் மாட்டைப் பார்த்தார். விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. கீழே பார்த்தார், மேய்வதற்குப் புல் இல்லை. மழைக்காலத்தில் ஆறுகள் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு பழுப்பாக ஓடின. கால்நடைக்குப் பெரிய ஆபத்து இந்த உண்ணியா, சீரழியும் நிலமா என்ற கேள்வி அவருக்கு அங்கேதான் எழுந்தது.

இதை நீங்கள் நாளைக்கே செய்யலாம். கள ஆய்வுக் குறிப்பேட்டில் மாதிரி எண், தேதி, வெப்பநிலை என்று கட்டங்கள் போடுவீர்கள் அல்லவா? பக்கத்தில் அகலமாக இன்னொரு கட்டம் விடுங்கள். தண்ணீர் மாதிரி எடுத்த கரையில் யார் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள், எந்தக் குழாய் எங்கிருந்து வந்து ஆற்றில் விழுந்தது, கிணற்றுக்காரர் என்ன சொல்லிப் புலம்பினார் என்பதை எழுதுங்கள். உங்கள் ஆய்வுக் கட்டுரையில் இதில் ஒரு வரியும் வராது. ஆனால் நீங்கள் எதற்காக அரசியலுக்குப் போகிறீர்கள் என்பது அந்தக் கட்டத்தில்தான் இருக்கும்.

அதன்பின் கேளுங்கள். கென்யாவின் தேசியப் பெண்கள் மன்றத்தில் மாத்தாய் இருந்தார். 1970களின் முற்பகுதியில் அங்கே நடந்த கருத்தரங்கில் கிராமப் பெண்கள் தங்கள் குறைகளைச் சொன்னார்கள்: விறகு இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, சத்தான சாப்பாடு இல்லை, கையில் காசு இல்லை. காப்பியும் தேயிலையும் பயிரிடக் காட்டை அழித்தாகிவிட்டது. விறகு கிடைக்காததால் சீக்கிரம் வேகிற, சத்துக் குறைந்த பண்டங்களைச் சமைத்தார்கள். பிள்ளைகள் ஊட்டமின்றி இருந்தார்கள். இது அவர் பிறந்து வளர்ந்த பகுதியின் கதை. உண்ணி பொறுக்கிய இடத்தில் கண்டதும் இங்கே காதில் விழுந்ததும் ஒன்றோடொன்று பொருந்தின. மரம் நட்டால் விறகு, நிழல், மண், கொஞ்சம் வருமானம் என்று எல்லாக் குறைக்கும் ஒரு முனையிலிருந்து வேலை செய்யலாம் என்று அவருக்குப் பட்டது.

நம்மவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தீர்வைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ற குறையைத் தேடிக் கிராமத்துக்குப் போகிறார்கள்.

சின்னத் திட்டம், ஆனால் கணக்கு இருக்க வேண்டும்

முதல் முயற்சி படுத்துவிட்டது. 1974 தேர்தலில் அவர் கணவர் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டபோது வேலை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கைக் காப்பாற்ற மாத்தாய் ‘என்விரோகேர்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஏழைகளுக்கு மரம் நடும் வேலை கொடுப்பது திட்டம். பணமில்லாமல் நின்றுபோனது. 1977 ஜூன் 5 அன்று, உலகச் சுற்றுச்சூழல் நாளில், பெண்கள் மன்றத்தின் பெயரில் நைரோபி நகர நடுவிலிருந்து ஊர்வலமாகப் போய்க் கமுகுஞ்சி பூங்காவில் ஏழு மரங்கள் நட்டார்கள். பசுமை வளைய இயக்கம் அங்கே பிறந்தது.

நாற்று கேட்டு வனத்துறைக்குப் போனார்கள். கேட்ட எண்ணிக்கை கூடக்கூடத் துறை கையை விரித்தது. சரி, நாற்றை நாமே வளர்ப்போம் என்றால், பயிற்சி கொடுக்க வந்த வனவியலாளர்கள் நிலச் சரிவின் கோணம், பாத்தியின் ஆழம் என்று பாடம் நடத்தினார்கள். மரம் நடப் பட்டயப் படிப்பு வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் இருந்த கூட்டம் அது. சோளமும் பயறும் விதைக்கிறீர்களே, அதே கையால் மரவிதையையும் விதையுங்கள் என்றார் மாத்தாய். உடைந்த பானை, பழைய தகரக் குவளை என்று கிடைத்ததில் எல்லாம் விதை முளைத்தது. ஓர் உடற்கூறியல் பேராசிரியர் தன் சக நிபுணர்களைவிடக் கிராமத்துப் பெண்களை நம்பினார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். படித்தவர்களுக்கு இதுதான் கடினம்.

அவர் வைத்த கணக்கு இன்னும் முக்கியம். பிழைத்து நிற்கும் ஒவ்வொரு நாற்றுக்கும் ஏறத்தாழ 4 அமெரிக்க சென்ட் பெறுமான காசு அந்தப் பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது. நட்டதற்கு அல்ல, பிழைத்ததற்கு. அற்பத் தொகைதான். ஆனால் அந்த ஒரு விதியால் நட்ட மரத்தை யாரோ ஒருவர் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது, தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது, எண்ண வேண்டியிருந்தது. அறிவியல் படித்தவர் பொதுவாழ்வுக்குக் கொண்டுவரக்கூடிய உருப்படியான சரக்கு இதுதான் என்பேன். நடுவிழா மேடையில் எண்ணிக்கை சொல்வது யாருக்கும் எளிது. அடுத்த கோடை முடிந்தபின் போய் எண்ணுவதற்குத்தான் ஆள் இருப்பதில்லை. 2004இல் நோபல் குழு சொன்ன மூன்று கோடி மரங்கள் இப்படிச் சேர்ந்தவை.

உங்கள் திட்டம் குப்பை பிரிப்பதாக இருக்கலாம், குளத்தைத் தூர்வாருவதாக இருக்கலாம். எதற்குக் காசு கொடுப்பீர்கள், எந்தத் தேதியில் யார் போய்ச் சரிபார்ப்பார் என்ற இரண்டு வரிகளை எழுதிய பிறகு பெயர்ப்பலகைக்கு ஆர்டர் கொடுங்கள்.

வேலையை ராஜினாமா செய்யும் முன்

1982இல் நியேரியில் ஒரு நாடாளுமன்ற இடம் காலியானது. மாத்தாய் போட்டியிட நினைத்தார். சட்டப்படி பல்கலைக்கழக வேலையை ராஜினாமா செய்தார். பிறகு வந்தது இடி: 1979 தேர்தலின்போது வாக்காளராக மறுபதிவு செய்யவில்லை, ஆகவே தகுதியில்லை என்றார்கள். அது பொய் என்று நீதிமன்றம் போனார். விசாரணை காலை ஒன்பது மணிக்கு நைரோபியில். தீர்ப்பு சாதகமாக வந்தால், அன்று பிற்பகல் மூன்று மணிக்குள் சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நியேரியில் மனு தாக்கல் செய்ய வேண்டும். தீர்ப்பு பாதகமாகவே வந்தது. வேலையைத் திருப்பிக் கேட்டார், கிடைக்கவில்லை. பல்கலைக்கழகக் குடியிருப்பில் இருந்த வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். 42 வயதில், மணமுறிவுக்குப் பிறகு, வேலையும் வீடும் இல்லாமல் நின்றார்.

ஆட்சிக்குப் பிடிக்காதவர் மீது முதல் அடி காகிதத்தில்தான் விழும். ஆகவே ராஜினாமாக் கடிதம் எழுதும் முன் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர், வயது, முகவரி சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் சட்டமன்றத்துக்குப் போட்டியிட 25 வயது நிறைந்திருக்க வேண்டும், மாநிலத்தின் ஏதாவதொரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். வேறு தொகுதியில் நிற்பதென்றால் பட்டியலின் சான்றிட்ட நகலை மனுவோடு காட்ட வேண்டும். படிவம் 26இல் சொத்து, கடன், வழக்கு விவரங்களை உறுதிமொழியாகத் தர வேண்டும்; ஒரு கட்டத்தையும் வெறுமனே விடாதீர்கள். அரசு ஊழியர் என்றால் ராஜினாமா ஏற்கப்பட்ட ஆணை கையில் வந்துவிட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், கொடுத்தேன் என்பது போதாது. வீட்டு வாடகைக்கு ஓராண்டுக்காவது பணம் வைத்துக்கொள்ளுங்கள். மாத்தாய்க்கு அந்தச் சமயத்தில் நார்வே வனவியல் சங்கமும் ஐ.நா.வின் பெண்களுக்கான நிதியும் கைகொடுத்தன. தோற்ற தேர்தல் அவரை முழுநேர இயக்கக்காரராக்கியது. எல்லோருக்கும் நார்வேயிலிருந்து ஆள் வருவதில்லை.

கடிதம் எழுதுங்கள்

1989இல் நைரோபியின் உஹுரு பூங்காவில் ஆளுங்கட்சியின் ஊடக நிறுவனத்துக்காக 60 மாடிக் கட்டடம் கட்டத் திட்டமிட்டார்கள். நகர நடுவில் சாதாரண மக்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார இருந்த இடம் அது. மாத்தாய் கடிதம் எழுதத் தொடங்கினார். பத்திரிகைக்கு, குடியரசுத் தலைவர் அலுவலகத்துக்கு, நகர நிர்வாகத்துக்கு, ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்புக்கு. கூட்டாளி முதலீட்டாளர்களில் பிரிட்டனின் பத்திரிகை அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல் இருந்ததால் பிரிட்டிஷ் தூதருக்கும் ஒன்று. லண்டன் ஹைட் பூங்காவில் இப்படிக் கட்டுவீர்களா என்று அதில் கேட்டிருந்தார். கோஷம் போடுகிறவரை விரட்டிவிடலாம். யாருக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்து எழுதுகிறவரை என்ன செய்வது?

நாடாளுமன்றத்தில் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். மணமுறிவு பெற்ற பெண்களின் கும்பல் என்றார்கள். ஆப்பிரிக்கப் பெண் ஆண்களை மதித்து வாய் மூடி இருக்க வேண்டும் என்ற கருத்தில் அதிபர் டேனியல் அராப் மோய் பேசினார். இந்த விவாதத்துக்குத் தேவைப்படும் உடற்கூறு கழுத்துக்கு மேலே இருப்பதுதான் என்று மாத்தாய் திருப்பிக் கொடுத்தார். எங்கள் துறையின் பாடத்தை இதைவிடப் பொருத்தமாகப் பொதுமேடையில் யாரும் பயன்படுத்தியதாக எனக்குத் தெரியவில்லை. இயக்கத்தின் அலுவலகத்தை அரசுக் கட்டடத்திலிருந்து வெளியேற்றினார்கள். தன் வீட்டையே அலுவலகமாக்கிக்கொண்டார். கடைசியில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பின்வாங்கினார்கள், திட்டம் கைவிடப்பட்டது.

நம்மிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு இருக்கிறது. மாத்தாயிடம் தட்டச்சு இயந்திரமும் தபால் தலையும்தான் இருந்தன. கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். அனுப்பியதற்கு ரசீது, நகல், தேதி மூன்றையும் கோப்பில் வையுங்கள்.

அடிக்கும் தயாராக இருக்க வேண்டும், இதை மறைத்துப் பயனில்லை. 1992இல் அரசியல் கைதிகளின் தாய்மார்களோடு அதே உஹுரு பூங்காவில் உண்ணாவிரதம் இருந்தபோது போலீஸ் தாக்கி அவர் நினைவிழந்தார். 1999 ஜனவரியில், வேண்டியவர்களுக்குத் தாரை வார்க்கப்பட்டிருந்த நைரோபியின் கரூரா காட்டில் மரம் நடப் போனபோது குண்டர்கள் தலையில் அடித்தார்கள். புகார் எழுதும்போது தலையிலிருந்து வழிந்த ரத்தத்தைத் தொட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த ஆகஸ்டில் பொதுநிலம் ஒதுக்குவதை அரசு நிறுத்தியது. உங்கள் வீட்டாரிடம் இதையும் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

பதவி வந்தால்

1997இல் நாடாளுமன்றத்துக்கும் அதிபர் பதவிக்கும் சேர்த்தே நின்றார், இரண்டிலும் தோற்றார். 2002 டிசம்பரில் எதிர்க்கட்சிக் கூட்டணியில் டேட்டு தொகுதியில் 98 சதவீத வாக்கு. 2003 ஜனவரியிலிருந்து 2005 நவம்பர் வரை சுற்றுச்சூழல், இயற்கை வளத் துறைக்குத் துணை அமைச்சர். முழு அமைச்சர் அல்ல. உலகம் நோபல் கொடுத்தபோதும் அவர் துணை அமைச்சர்தான்! 2005இல் புதிய வனச்சட்டம் வந்தது. என்றாலும், பூங்காவைக் காப்பாற்றியதற்கும் கரூராவைக் காப்பாற்றியதற்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பதவிக்காலம் எனக்கு மெலிந்துதான் தெரிகிறது.

இன்னொரு எச்சரிக்கை. 2004இல் எச்.ஐ.வி. பற்றி அவர் பேசியதாக ஒரு பத்திரிகைச் செய்தி வந்தது. அந்தக் கிருமியை விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள் என்று சொன்னதாக. நோபல் பரிசு வாங்கும் வேளையில் இது பெரிய தலைவலியானது. தான் அப்படி நம்பவில்லை என்று விளக்க அறிக்கை விட வேண்டியிருந்தது. முனைவர் பட்டம் இருக்கிறதே என்று உங்களிடம் எல்லாவற்றையும் கேட்பார்கள். "அது என் துறை இல்லை" என்ற வாக்கியத்தைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகுங்கள்.

தோற்ற பின்

2007இல் தன் கூட்டணியின் வேட்பாளர் தேர்விலேயே தோற்றார். சிறு கட்சி ஒன்றின் சார்பில் நின்று மறுபடியும் தோற்றார். ஐந்து ஆண்டுக்கு முன் 98 சதவீதம் கொடுத்த அதே டேட்டுதான். 2010இல் நைரோபி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அமைதி, சுற்றுச்சூழல் ஆய்வுக்கு ஒரு நிறுவனம் தொடங்கினார். ஒருகாலத்தில் வேலையைத் திருப்பித் தர மறுத்த பல்கலைக்கழகம்! 2011 செப்டம்பரில் புற்றுநோயால் இறந்தார்.

1989இல் உஹுரு பூங்காவுக்காக அவர் போட்ட வழக்கைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். உங்களுக்குத் தனிப்பட்ட பாதிப்பு எதுவும் இல்லை, ஆகவே வழக்குத் தொடுக்க உரிமையில்லை என்று உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கென்யாவின் 2010 அரசியலமைப்பில் 42ஆம் பிரிவு தூய்மையான சுற்றுச்சூழலை உரிமையாக்குகிறது. 69ஆம் பிரிவு நாட்டின் நிலப்பரப்பில் குறைந்தது 10 சதவீதம் மரப்போர்வை இருக்க அரசு பாடுபட வேண்டும் என்கிறது. 70ஆம் பிரிவோ, சுற்றுச்சூழலுக்காக நீதிமன்றம் போகிறவர் தனக்கோ யாருக்கோ நஷ்டம் ஏற்பட்டதாகக் காட்ட வேண்டியதில்லை என்று எழுதிவைத்திருக்கிறது. இது அவர் ஒருவரால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சட்டம் எழுத உட்காருகிறவர்களுக்கு எந்தக் கதவு அடைபட்டிருந்தது என்று காட்ட இப்படிப்பட்ட வழக்குகள் தேவைப்படுகின்றன. உங்கள் மனு தள்ளுபடியானால் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி, எந்தக் காரணத்துக்காகத் தள்ளினார்கள் என்ற வரியை அடிக்கோடிட்டு, அடுத்த தேர்தல் அறிக்கை தயாரிக்கும் குழுக்களுக்கு அனுப்பிவையுங்கள். எல்லாக் கட்சிக் குழுவுக்கும்.